வெயிலைப் பார்த்து எடுத்த மூன்று படங்கள்

என் சறோ மச்சாளுக்கு,

எழுதத் தொடங்கும்போதே உங்களோடு சண்டைதான் பிடிக்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோதும் பொறுத்துக்கொண்டுதானே இருந்தீர்கள். எனக்கு இப்போது கோபமே அதில்தான்.

முதலில் ஊர்ப் புதினம். கொஞ்ச நாளாகச் சத்தம் இல்லை. குண்டு போடுகிற பொம்பர் வரவில்லை, ஷெல் விழவில்லை, பேச்சுவார்த்தை நடக்கிறது என்கிறார்கள். கப்பலில் சாமான் வந்து இறங்கியதாம். கொக்குவில் சந்திக் கடையில் நெருப்புப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள் மச்சாள், கேட்டால் இரண்டும் தருகிறார்கள், மூன்றும் தருகிறார்கள். ஒன்றை வாங்கி வந்து குசினி மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் இருந்து அழுதேன். ஒரு நெருப்புப்பெட்டியைப் பார்த்து அழுகிற பொம்பிளையை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? ஏன் அழுதேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குப் போன கிழமைதான் தெரிய வந்தது.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சலிக்காதீர்கள்.

என் அண்ணை உங்களைக் கல்யாணம் கட்டி இரண்டாம் வருடம் ஜேர்மனிக்குப் போனார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எல்லாரும் போன மாதிரித்தான் போனார். போகும்போது ஒரு ஸ்ரூடியோவையும், கறுப்புத் தோல் உறை போட்ட ஒரு கமராவையும், கல்யாணம் ஆகாத ஒரு தங்கச்சியையும் உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். மூன்றையும் நீங்கள் திறமாய்த்தான் பார்த்தீர்கள். படம் எடுக்க நீங்கள், கழுவ நான். "சறோவும் பவானியும் எடுத்தால் பொம்பிளைப் பிள்ளையள் கூச்சமில்லாமல் நிப்பினம்" என்று அரியாலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

சண்டை வந்து, ஊருக்குள் சாமான் வரத் தடை போட்டார்கள். கரண்ட் போனது. பற்றறி வருவது நின்றது. பிளாஷ் இல்லாமல் போனது. அதற்கும் நீங்கள் அசையவில்லை. ஸ்ரூடியோவின் பின்சுவரில் ஒரு ஓட்டை போட்டு, முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே விட்டு, அந்த வெளிச்சத்தில் படம் பெரிதாக்கினோம். மழைக்கால முகில் வந்தால் படம் கேட்டு வந்தவர்களிடம், "சூரியன் லீவு, நாளைக்கு வாங்கோ" என்று சொல்லுவீர்கள். சிரித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

அந்தக் காய்ச்சலுக்கு வருகிறேன்.

உங்களுக்கு மூன்று நாள் காய்ச்சல். இழுப்பும் சேர்ந்திருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு இருந்தீர்கள். மல்லித்தண்ணி கேட்டீர்கள். வீட்டில் ஒரு நெருப்புக்குச்சி இல்லை. எப்போதும் தணல் தருகிற பக்கத்து வீட்டு இராசம்மாக்கா அன்றைக்கு மகளைப் பார்க்கச் சாவகச்சேரிக்குப் போய்விட்டா. ஒழுங்கை முழுக்க ஓடிப் பார்த்தேன். நேரம் பன்னிரண்டு ஆகியிருக்கும். எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, எல்லாரும் ஒருநேரம் சமைக்கிற காலம்.

வெயில் மட்டும் மண்டையைப் பிளந்தது. இவ்வளவு நெருப்பு மேலே கொட்டிக் கிடக்கிறது, எனக்கு ஒரு பொறி இல்லையே என்று எரிச்சல் வந்தது. பெரிதாக்குகிற லென்ஸ் இருட்டறைக்குள் பூட்டியிருந்தது. திறப்பு உங்கள் தலையணைக்குக் கீழே. அப்போதுதான் கண் அயர்ந்திருந்தீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. கமரா ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓம் மச்சாள். கமராவைத்தான் எடுத்தேன்.

உள்ளே பிலிம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பின்மூடியைத் திறந்தேன். விரலை அழுத்திப் பிடித்திருக்கும்வரை உள்ளே இருக்கும் துணித்திரை விலகி நிற்கிற மாதிரி ஒரு வழி அதில் இருக்கிறதே, அதில் வைத்தேன். லென்சைச் சூரியனுக்கு நேரே பிடித்து, பின்னால் காய்ந்த தேங்காய்த் தும்பை வைத்தேன். ஒரு நிமிசம் ஆகவில்லை, புகை வந்தது. எனக்கென்றால் புளுகம் தாங்கவில்லை. ஊதி ஊதி நெருப்பாக்குகிற அவசரத்தில் விரல் வழுக்கித் திரை மூடிக்கொண்டது. கமரா அப்படியே சூரியனைப் பார்த்தபடி என் மற்றக் கையில் இருந்தது. எவ்வளவு நேரம்? தெரியாது. தும்பிலே நெருப்புப் பிடிக்கிற நேரம்.

நீங்கள் மல்லித்தண்ணியைக் குடித்துவிட்டு, "நெருப்பு எங்காலை?" என்று கேட்டீர்கள்.

"இராசம்மாக்காட்டைத் தணல் வாங்கினனான்" என்றேன்.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நானும் அதோடு மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்துவிட்டேன், அதையாவது நம்புங்கள்.

பிறகு வந்தது அரியாலைச் சாமத்தியவீடு, ஒரு பிள்ளை பெரியவளான சடங்கு. பிள்ளையைக் கிழக்குப் பார்க்க நிறுத்தி, பின்னேரம் நாலு மணிக்கு எடுத்தீர்கள். சூரியன் பிள்ளைக்குப் பின்னால். கழுவிப் பார்த்தால் நல்ல படங்களுக்கு நடுவில் அந்த எதிர்வெயிற் படங்களில் மட்டும் சேலையின் கொய்யக மடிப்புக்கு மேலே ஒரு வெள்ளைப் பொட்டு, ஓரம் கலங்கி, பால் சிந்தினாற்போல. "லைற் அடிச்சிட்டுது பவானி" என்றீர்கள். வெயிலைப் பார்த்து எடுத்தால் அப்படி வருவதும் உண்டுதானே என்று நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்தடுத்தும் வந்தது. நீங்கள் விடுகிற ஆளா? லென்சைப் பழைய மஸ்லின் துணியால் துடைத்தீர்கள். பவுடர்ப் பேணியை வெட்டிக் கறுப்படித்து லென்சுக்குத் தொப்பி செய்தீர்கள். என்னைக் குடையோடு பக்கத்தில் நிறுத்தினீர்கள். "இன்னும் கொஞ்சம் சரியும், உம்மடை நிழல் லென்சிலை விழோணும்" என்று ஒரு கல்யாணவீட்டில் என்னை வளைத்த வளைப்பில், மாப்பிள்ளைப் பகுதி நான் படத்துக்குள் வர எத்தனிக்கிறேன் என்று நினைத்தது. இருட்டறையில் வெளிச்சம் ஒழுகுகிறதோ என்று ஒரு துண்டுப் பிலிமின்மேல் சில்லறைக் காசை வைத்துப் பரிசோதித்தீர்கள். ஒழுகவில்லை. பிலிம் சுருளின் வாயில் இருக்கிற கறுப்புத் துணி தேய்ந்துவிட்டதோ என்று பார்த்தீர்கள். தேயவில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு படம் செலவு. கொழும்பிலிருந்து யாரோ சேலை மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பிலிம் அது. அதையும் தெரிந்துகொண்டு, கையைப் பிசைந்து பிசைந்து ஒவ்வொன்றாய்ச் செலவழித்தீர்கள்.

ஒருநாள் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள்: "வெயிலுக்கு முதுகு காட்டினால் ஒண்டுமில்லை. வெயிலைப் பாத்தால்தான் வருது. அதுவும் படம் எடுத்தாப்போலை நான் கமராவை இறக்காமல் நிண்டால்தான் கூட வருது. விளங்கேல்லையப்பா."

எனக்கு அப்போது அந்தக் காய்ச்சல் நாள் ஞாபகம் வந்தது: தும்பை எரித்த வெயில் மூடிய திரையையும் சுட்டிருக்கும். வெயில், கமரா, திரை, நான். எல்லாம் ஒரு வரிசையில் வந்து நின்றன. சட்டியைத் தேய்த்தபடியே இருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். "மச்சாள், ஒருக்கால் திரையைப் பாருங்கோ" என்ற நாலு சொல்தான். வாய் வரவில்லை. அண்ணை விட்டுப் போன கமரா, எங்கள் இருவரின் சோறு, வேறொன்று வாங்க வழியில்லாத காலம். சொல்லிவிட்டால் எங்கே போவேன் என்று பயந்தேன். நீங்கள் என்னை எங்கே அனுப்பிவிடப் போகிறீர்கள்? ஆனால் பயத்துக்கு அதெல்லாம் விளங்காது.

அந்தக் கிழமைதான் குருநகரிலிருந்து ஆள் வந்தது. அந்தோனிப்பிள்ளை அண்ணை செத்துப்போனார். கடலுக்குப் போகக் கூடாது என்ற தடையால் கரையில் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்த மனுசன், அப்படியே இருந்தபடி சாய்ந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டுபேரும் பிரான்சில். வர முடியாது. அங்கேயுள்ள வழக்கம் உங்களுக்குத் தெரியும். அடக்கத்துக்குக் கொண்டுபோகிற வழியில், வேதக்கோயில் வாசற்படியில் பெட்டியைத் திறந்து, தலைமாட்டைச் சற்று உயர்த்தி, குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று ஒரு படம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது அந்தப் படத்தில்தான்.

கமராவில் மூன்று படம்தான் மிச்சம் இருந்தது.

கோயிலின் வாசல் கிழக்குப் பார்த்தது. பின்னேரம் நாலரை மணி. கூரைக்கு மேலே சூரியன், நேரே எங்கள் கண்ணுக்குள். நீங்கள் அவரின் மனுசி திரேசம்மாக்காவிடம் போய்க் கேட்டீர்கள், "அக்கா, பெட்டியைக் கொஞ்சம் வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோவமே? எதிர்வெயிலாக் கிடக்கு."

"என்ரை பெடியளுக்கு ஞானஸ்நானத் தண்ணி வாத்த கோயில் பிள்ளை. கோயில் தெரியோணும். கோயிலும் தெரியோணும், தேப்பன்ரை முகமும் தெரியோணும்" என்றா அவ. புருசனைப் பறிகொடுத்து நிற்கிற மனுசியோடு யார் வாதாடுவது?

எடுத்தீர்கள். உங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது மச்சாள், செத்தவீட்டுப் படம் எடுத்தால் கமராவை உடனே முகத்திலிருந்து இறக்கமாட்டீர்கள். கண் கலங்கியிருப்பதை ஆட்கள் காணக்கூடாது என்று கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். மூன்று படத்துக்கும் அப்படி நின்றீர்கள். நான் குடையோடு பக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரியும், பொட்டு விழுகிறது என்று. தெரிந்துகொண்டு நின்றேன்.

கழுவினேன். மூன்றிலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. திரேசம்மாக்கா இருக்கிறா, சொந்தக்காரர் இருக்கிறார்கள், கோயில் கூரையின் சிலுவைகூட இருக்கிறது. அந்தோனிப்பிள்ளை அண்ணை மட்டும் இல்லை.

நீங்கள் கத்தவில்லை. அந்த நெகற்றிவ் மூன்றையும், அரியாலை நெகற்றிவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தீர்கள். நெடுநேரம் பார்த்தீர்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. நாலு பொட்டும் ஒரே இடத்தில் இருந்திருக்கும். லென்சில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் என்றால் படத்துக்குப் படம் இடம் மாறும். இடம் மாறாத வெளிச்சத்துக்கு ஓட்டை உள்ளே இருக்கிறது.

பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். "படத்தைத் திருத்தி ரச் பண்ணப் போறன், குழப்பாதையும்" என்றீர்கள். சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூசன் மணத்தது. நான் சைக்கிளுக்குத்தான் என்று நினைத்தேன், ஞாயிற்றுக்கிழமை குருநகருக்குப் போகவேண்டுமே என்று.

இரண்டு நாளாக அந்த வெள்ளைப் பொட்டின்மேல் ஒரு முகத்தை வரைந்தீர்கள். திரேசம்மாக்கா தந்த அடையாள அட்டைப் படத்தைப் பார்த்துப் பார்த்து, பென்சிலாலும் நுனி மெல்லிய தூரிகையாலும் மூக்கு, மீசை, மூடிய கண். நான் பார்த்து அசந்துபோனேன். உங்களைப் போல ரச் பண்ண இந்த யாழ்ப்பாணத்தில் ஆள் இல்லை, அதை இன்றைக்கும் அடித்துச் சொல்லுவேன்.

ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம் போனோம். அதே வாசற்படி. திரேசம்மாக்கா படத்தை வாங்கிப் பார்த்தா. கண்ணுக்குக் கிட்டப் பிடித்தா, தள்ளிப் பிடித்தா.

"இது ஆர்?" என்றா.

பிறகு படத்தை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினா.

"இது என்ரை மனுசன் இல்லை. ஆரைக் கொண்டுவந்து இதுக்குள்ளை கிடத்தி வைச்சிருக்கிறாய்? சொல்லு! கடைசி முகமடி, என்ரை பெடியள் பாக்காத முகம். அதை அழிச்சுப்போட்டு வந்து நிக்கிறியே! உன்ரை கை விளங்காமல் போக! நீ மூச்செடுக்க முடியாமல் துடிக்கோணும், நான் துடிக்கிற மாதிரி!"

சனம் சுற்றி நின்றது. மண்ணை அள்ளித் தூற்றாத குறை. எவரும் அவவைத் தடுக்கவில்லை.

நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னீர்கள்: "ஓம் அக்கா. என்ரை கைப்பிழைதான். கை நடுங்கிப்போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் அரையடி தள்ளி நின்றேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாய்க்கு என்ன வந்தது? வீட்டில் உப்புக் குறைந்தால் ஊரைக் கூட்டுகிற வாய்.

திரும்பி வரும்போது காற்று முகத்தில் அடிக்கிறது, சைக்கிள் பாரமாய்க் கிடக்கிறது. நீங்கள் மூச்சு வாங்கி, தண்டவாளம் கழற்றிய றெயில்பாதைக் கரையில் இறங்கி நின்றீர்கள். நானாகக் கேட்காமலே சொன்னீர்கள்: "பிழையைப் பிடிச்சிட்டன் பவானி. பின்மூடி பொருந்துற தவாளிப்பிலை ஒரு கறுப்பு நூல் கிடக்குமெல்லே, அது உக்கிப்போச்சு. அதாலைதான் வெயில் உள்ளுக்கை போகுது. புதுசு போட்டால் சரி."

வீட்டுக்கு வந்து உக்கிய நூலைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தும் காட்டினீர்கள். புது நூல் போட்டீர்கள். அடுத்த பிலிமில் வெயிலைப் பார்த்து எடுத்த படங்கள் எல்லாம் பளிங்கு மாதிரி வந்தன.

எனக்கு வந்த நிம்மதியைச் சொன்னால் வெட்கம். அப்பாடா, நான் இல்லை என்று நினைத்தேன். நூல்தான். என் நெருப்பு இல்லை. அன்றைக்கு நான் பாட்டுப் பாடிக்கொண்டு பிட்டு அவித்தேன். நீங்கள் குசினிப்படியில் இருந்து சிரித்துக்கொண்டு பார்த்தீர்கள். ஏன் சிரித்தீர்கள் மச்சாள்?

அதற்குப் பிறகு குருநகரிலிருந்து எவரும் எங்களைக் கூப்பிடவில்லை. "செத்தவன்ரை முகத்தை அழிச்சவள்" என்று உங்களுக்கு அங்கே பேர். ஒரு கல்யாணவீட்டில் உங்கள் காதுபடவே சொன்னார்கள். நான் பாய்ந்து சண்டைக்குப் போனேன், நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்து வந்தீர்கள். பாருங்கோ, சண்டைக்கெல்லாம் போனேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் ஓடியது. போன மார்கழிக் குளிரில் உங்களுக்கு இழுப்பு வந்தது. இழுக்கிற மருந்து ஊரிலே எங்கேயும் இல்லை. இருந்த குளிசையும் முடிந்துபோயிற்று. ஆசுப்பத்திரியில் அந்த டொக்டர்ப் பிள்ளை வெறுங்கையோடு உங்கள் கட்டிலடியில் நின்று அழுதது. நான் உங்கள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். முதுகைத் தடவினால் மூச்சு வருமா? வேறு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. விடிகிற நேரம் நீங்கள் போனீர்கள். குருநகர் வாசற்படியில் விழுந்த வார்த்தை என் காதுக்குள் கேட்டது. அதை நான் நம்புகிற ஆள் இல்லை. இருந்தாலும் கேட்டது.

அண்ணைக்குச் செய்தி போய்ச் சேர ஒரு மாதம் எடுத்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். என்ன எழுதியிருக்கிறார் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன், அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது.

போன கிழமை ஒரு பிள்ளைக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க வேண்டும் என்று தாய்க்காரி வந்து நின்றா. நான் அந்தக் காய்ச்சல் நாளுக்குப் பிறகு கமராவைத் தொட்டதே இல்லை. பயம். பிலிம் போடுவதும் நீங்கள், கழற்றுவதும் நீங்கள். அன்றைக்குத்தான் முதல் தரம் பின்மூடியைத் திறந்தேன். வேலை செய்கிறதோ என்று ஒருதரம் அமத்திப் பார்த்தேன். திரை ஓடி நின்றது.

அந்தத் திரையில், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு ஒட்டு.

கடுகளவுதான். சொலூசன் தடவி, அதன்மேல் விளக்குக்கரியும் மையும் குழைத்துப் பூசியிருந்தது. ஓரம் தெரியாதபடிக்குத் துணியின் நிறத்தோடு இழைத்து விட்டிருந்தது. அந்தத் தூரிகைக் கை யாருடையது என்று நான் யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? இருபது வருடத்துக்குப் பிறகு காட்டினாலும் சொல்லுவேன்.

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் தாய் தண்ணி கொண்டுவந்து தந்தா. பிறகு பழைய நெகற்றிவ்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மூடியின் ஓரத்தால் வெளிச்சம் போயிருந்தால் பிலிமின் கரையில் இருக்கிற துளைகளையும் தாண்டி அடித்திருக்கும். கரை சுத்தமாக இருந்தது. நூல் ஒருநாளும் பிழையாய் இருக்கவில்லை. நீங்களே கிள்ளி, நீங்களே உக்க வைத்த நூல். பிலிம் கழுவுகிற எனக்கு இது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் தெரிய விருப்பமில்லையே.

இராசம்மாக்கா அன்றைக்குச் சாவகச்சேரிக்குப் போனதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திரையில் எரிந்த ஓட்டையைக் கண்டதும் மல்லித்தண்ணியின் நெருப்பு எங்கிருந்து வந்தது என்று விளங்கியிருக்கும். விளங்கிய பிறகுதான் முகம் வரையக் குந்தியிருக்கிறீர்கள். விளங்கிய பிறகுதான் அந்த வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

ஏன்? ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே. "எடியே, நீர்தானே" என்று ஒரு அடி போட்டிருக்கலாமே. நான் காலில் விழுந்து அழுது முடித்திருப்பேன். உங்கள் பெருந்தன்மையை யார் கேட்டது? எனக்காக நூலை உக்க வைத்து, பொய் சொல்லி, என்னைப் பாட்டுப் பாட விட்டு, குசினிப்படியில் இருந்து சிரித்தீர்களே, அது பாசமா, இல்லை, இவளுக்குச் சொல்லி என்ன பயன் என்ற சலிப்பா? எனக்குத் தெரியவேண்டும். இந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறது?

கேட்க ஆள் இல்லாததால் திரேசம்மாக்காவிடம் போனேன்.

நேற்றுத்தான் போனேன். கரையோரமாய்க் கொஞ்சத் தூரம் கடலுக்குப் போக விடுகிறார்களாம், வாசலில் யாருடையதோ வலை காய்ந்தது. அவ நல்லாய் இளைத்துவிட்டா. என்னைக் கண்டதும் முகம் இறுகியது. நான் இருக்கவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், தும்பு, ஓட்டை, ஒட்டு, நூல். நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்கமாட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. பிறகு கேட்டா: "அவவுக்குத் தெரியுமோ, நீதான் எண்டு?"

"தெரியும்."

"நான் ஏசேக்கை தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேனடி தன்ரை கையெண்டு சொன்னவ?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அவ கொட்டிலுக்குள் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தா. எதை எடுக்கப் போனாவோ. "அந்தப் படத்தைத்தான் பிரான்சுக்கு அனுப்பினனான்" என்றா. "வேறை என்ன கிடந்தது அனுப்ப? பெடியள் அதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லை. நானும் கேக்கேல்லை."

பிறகு வாசலில் குந்திக்கொண்டு, சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னா: "அவ மூச்சுமுட்டித்தான் செத்தவ எண்டு கேள்விப்பட்டனான் பிள்ளை. கேள்விப்பட்ட நாளிலையிருந்து நான் செபமாலையைத் தொடேல்லை. நான் சொன்னது வேறை, கடவுள் செய்தது வேறை எண்டு சாமியார் சொல்லுறார். சொன்ன வாய் என்ரைதானே? பிழை செய்தவளுக்குத்தானே சொன்னனான் எண்டு ஒரு ஆறுதலிலை இருந்தன். இப்ப நீ வந்து அதையும் எடுத்துப்போட்டாய்."

பார்த்தீர்களா மச்சாள்? உங்கள் பேரைக் காப்பாற்றப் போனவள், இன்னொரு மனுசியின் மனத்தைத் தோண்டிவிட்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்கிறார்களே, எங்கே இறங்குகிறது? நான் இறக்கினது அவவின் தலையில் போய் இருந்துகொண்டது. பிறகு அவ நகர்ந்து வாசலில் இடம் விட்டா. நானும் குந்தினேன். இரண்டுபேரும் அந்த வலையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

நான் எழும்பும்போது கையைப் பிடித்தா. "எல்லாருக்கும் முன்னாலைதானே ஏசினனான். எல்லாருக்கும் முன்னாலைதான் திருப்பி எடுக்கோணும். ஞாயிறு பூசை முடியேக்கை வா. அதே வாசலிலை நான் நிக்கிறன். நீ உன்ரையைச் சொல்லு. நான் என்ரையைச் சொல்லுறன்."

"அவ கேக்கமாட்டாவே அக்கா" என்றேன்.

"ஓம். கேக்கமாட்டா" என்றா.

நாளைக்கு ஞாயிறு. போவேன் மச்சாள், சத்தியமாகப் போவேன். அதே படியில் நின்று, படத்தை அழித்தது சறோ இல்லை, பவானி என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவேன். குருநகரில் உங்கள் பேரைச் சொல்லுகிற ஒவ்வொரு வாசலுக்கும் போய்ச் சொல்லுவேன். அண்ணைக்கும் எழுதுவேன். நீங்கள் இருந்தால் "உந்த விசர்க்கதையை விடும், அது முடிஞ்ச கதை" என்று சைக்கிள் கரியரைப் பிடித்து இழுத்து மறித்திருப்பீர்கள். இரண்டு வருடம் மறித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்.

நாளைக்கு என்னை மறிக்க ஒருத்தரும் இல்லை. அதைத்தான், மச்சாள், என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

உங்கள் புருசனின் தங்கச்சி,
உங்கள் மச்சாள்,
பவானி
கொக்குவில்